எண்ணெயும் நீரும் கூடும் எல்லை



இருவர் ஒருவரோடொருவர் ஒத்துப்போக மாட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டுமானால், ‘எண்ணெயும் தண்ணீரும் போல’ என்று சொல்லிவிடுகிறோம். எதிலும் பற்றில்லாமல் வாழ்கிறவரைத் ‘தாமரை இலைத் தண்ணீர்’ என்கிறோம். இவை வெறும் பேச்சு வழக்குகள் அல்ல. இரண்டிலும் இயற்கையின் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. ஆனால் அது முழு உண்மைதானா? எண்ணெயும் நீரும் என்றென்றைக்கும் ஒன்றையொன்று விலக்கியே வாழ வேண்டியவையா? தக்க துணை கிடைத்தால் அவை கூடி வாழ மாட்டாவா? இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று உங்களோடு சில நிமிஷங்கள் பேச விரும்புகிறேன்.

நான் விஞ்ஞானி அல்லன். கலைப் பாடங்களைப் படித்துப் பட்டம் பெற்றவன். மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறவன். இரசாயனத்துக்கும் எனக்கும் இருந்த உறவு பள்ளிக்கூடத்தோடு முடிந்து போயிற்று என்றே எண்ணியிருந்தேன். அந்த உறவைப் புதுப்பித்தவள் என் மகள்.

புனே நகரின் வடமேற்கே, முளா நதியை ஒட்டியிருக்கும் ஔந்த் பகுதியில் நாங்கள் வசிக்கிறோம். சாத்தாரா ஜில்லாவிலே, முன்பு தனிச் சமஸ்தானமாக இருந்த ஔந்த் வேறு, இது வேறு. தமிழ்நாட்டை விட்டு வந்தவர்களுக்குப் பண்டிகை நாட்களில் மனம் சற்று ஏங்கும் என்பது உங்களுக்கும் தெரிந்ததே. ஆனால் தீபாவளியன்று விடியற்காலையில் இங்கே அந்த ஏக்கம் அவ்வளவாகத் தெரிவதில்லை. நரக சதுர்த்தசியன்று எண்ணெய் தேய்த்து நீராடுவது மராத்தியருக்கும் உரிய வழக்கம். எங்கள் வீட்டில் நல்லெண்ணெயும் சீயக்காயும். அடுத்த வீட்டில் எண்ணெயும், ‘உட்டணே’ என்னும் வாசனைப் பொடியும். பொழுது புலருமுன் இரண்டு வீட்டுக் குளியலறைகளிலும் விளக்கு எரியும்.

சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய ஒரு விடியற்காலையில் என் தாயார் பேத்தியின் தலையில் எண்ணெயை வைத்து அழுத்தித் தேய்த்தார்கள். குழந்தைக்குப் பொறுமை இல்லை. சொம்பு சொம்பாக நீரை மொண்டு தானே தலையில் ஊற்றிக்கொண்டாள். எண்ணெய் போகவில்லை. நீர் முத்து முத்தாகத் திரண்டு வழிந்தோடியது. பிறகு பாட்டி சீயக்காயைக் கரைத்துத் தேய்த்து, அதே நீரை ஊற்றினார்கள். எண்ணெய் போயிற்று. தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் என்னைக் கேட்டாள்: “அப்பா, தண்ணீரோடு சேராத எண்ணெயைச் சீயக்காய் மட்டும் எப்படிக் கூட்டிக்கொண்டு போகிறது?”

எனக்கு விடை தெரியவில்லை. ‘அது அப்படித்தான்’ என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல நாணமாக இருந்தது. ஆகவே படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, அந்தக் கேள்விக்கு விடை கண்டவர்களில் தலையாய ஒருவர் நாங்கள் வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே வந்து பணியாற்றியிருக்கிறார் என்பதும் தெரியவந்தது. அவரைப் பற்றிச் சொல்லுமுன், எண்ணெயும் நீரும் ஏன் சேர்வதில்லை என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மிக வலுவாக ஈர்ப்பவை. திருவிழாக் கூட்டத்திலே கைகோத்து நிற்கும் உறவினர்களைப் போல, ஒவ்வொன்றும் தன் அண்டை மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் மூலக்கூறுகளுக்கு அவ்வாறு கைகோக்கும் ஆற்றல் இல்லை. எண்ணெய் நீருக்குள் புகுந்தால், நீர் மூலக்கூறுகள் தங்கள் பிடியைத் தளர்த்தி இடம் விட வேண்டும். அல்லது அதைச் சுற்றி வேறுவிதமாக ஒழுங்குபட வேண்டும். இரண்டும் நீருக்குச் செலவுதான். எண்ணெய் நீரை வெறுக்கிறது என்பதைவிட, நீர் தன் சுற்றத்தை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை என்பதே பொருந்தும்.

ஆகவே எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்தில் ஓர் எல்லை உண்டாகிறது. இதை இடைப்பரப்பு என்பர். இந்த எல்லையை ஓர் அங்குலம் விரிக்க வேண்டுமானாலும் அதற்கு உழைப்புத் தேவை. அதனால் எல்லை எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளவே முயல்கிறது. அவ்வாறு சுருங்க முயலும் விசைக்கு இடைப்பரப்பு இழுவிசை என்று பெயர். எண்ணெய்த் துளி நீரிலே உருண்டையாகத் திரள்வதும், இரண்டு துளிகள் சந்தித்தால் ஒன்றாகிவிடுவதும் இதனால்தான். ஒரே அளவுள்ள பொருளுக்குக் குறைந்த எல்லை வேண்டுமானால், அது உருண்டையாகத்தானே இருக்க வேண்டும்?

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெயை, ஒவ்வொன்றும் ஒரு மைக்ரான் ஆரமுள்ள துளிகளாகப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்போது அத்துளிகளின் மேற்பரப்பு மொத்தம் 3,000 சதுர மீட்டர். ஏறத்தாழ முக்கால் ஏக்கர். அத்துளிகளையே இன்னும் நூறில் ஒரு பங்காகச் சிறிதாக்கி, 10 நானோமீட்டர் ஆரமுள்ளவையாகப் பிரித்தாலோ, பரப்பு 3 லட்சம் சதுர மீட்டர் ஆகிவிடும். சற்றேறக்குறைய 74 ஏக்கர்! ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 74 ஏக்கர் எல்லை! அங்குலம் அங்குலமாக உழைப்பைக் கேட்கும் எல்லையை இவ்வளவு விரிப்பது எப்படிச் சாத்தியம்? இதுதான் இந்தத் துறையின் மையமான கேள்வி.

இந்த எல்லையில் என்ன நடக்கிறது என்று கவனித்தவர்களுள் அமெரிக்க அறிஞரான பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவர். லண்டன் நகரின் அருகே கிளாபம் என்னும் இடத்திலிருந்த குளத்தில், காற்றினால் அலைகள் எழுந்த வேளையில், ஒரு தேக்கரண்டி எண்ணெயை அவர் ஊற்றினார். எண்ணெய் விரைந்து பரவி, ஏறக்குறைய அரை ஏக்கர் நீர்ப்பரப்பைக் கண்ணாடி போல் அமைதியாக்கிவிட்டது. இந்தச் செய்தி 1774-இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று. தேக்கரண்டி எண்ணெயை அரை ஏக்கரால் வகுத்துப் பார்த்தால், படலத்தின் கனம் ஒன்றிரண்டு நானோமீட்டர்தான் என்று தெரியவரும். அதாவது, ஒரு மூலக்கூறின் உயரம்! பிராங்க்ளின் அந்த வகுத்தல் கணக்கைப் போடவில்லை. அதைப் போட உலகம் இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர், பல்கலைக்கழகத்தில் பயிலும் வாய்ப்பே கிடைக்காத ஒரு பெண்மணி. ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில், பெற்றோரைப் பேணி வீட்டை நடத்திவந்த ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்பவர், நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் பசையும் சோப்பும் செய்யும் மாறுதல்களைத் தம் வீட்டிலேயே சாதாரணமான ஒரு தகரத் தொட்டியை வைத்துக்கொண்டு அளந்தார். அந்த முடிவுகளை 1891-ஆம் ஆண்டு ராலே பிரபு என்னும் பிரபல விஞ்ஞானிக்குக் கடிதமாக எழுதினார். ராலே பெருந்தன்மையோடு அதை ‘நேச்சர்’ இதழில் வெளியிடச் செய்தார். பிறகு அமெரிக்கரான இர்விங் லாங்மியூர் இத்தகைய படலங்களை மேலும் ஆராய்ந்து, 1932-இல் நோபெல் பரிசு பெற்றார். சமையலறையில் தோன்றிய ஓர் அறிவுத்துறை இது என்று சொன்னால் மிகையாகாது.

சரி, சீயக்காய்க்கு வருவோம். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்னும் பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூறுக்கு இரண்டு இயல்பு. ஒரு பகுதி சர்க்கரையை ஒத்தது, நீரை நாடுவது. மற்றொரு பகுதி கொழுப்பை ஒத்தது, எண்ணெயை நாடுவது. சோப்பின் மூலக்கூறும் இப்படித்தான்: நீரை விரும்பும் தலை, எண்ணெயை விரும்பும் நீண்ட வால். இத்தகைய பொருள்களைப் பரப்புக் கிளர்த்திகள் என்பர். எண்ணெயும் நீரும் உள்ள இடத்தில் இவை எங்கே போய் நிற்கும்? எல்லையில்தான்! தலை நீரிலும் வால் எண்ணெயிலுமாக, வேலிக்கால் நட்டது போல வரிசையாக நிற்கும். அப்போது நீர் நேராக எண்ணெயைச் சந்திப்பதில்லை. தனக்கு உகந்த தலையைச் சந்திக்கிறது. எண்ணெயும் தனக்கு உகந்த வாலைச் சந்திக்கிறது. எல்லையின் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. எண்ணெய் சிறு துளிகளாகப் பிரிந்து, நீரோடு இறங்கிப் போய்விடுகிறது.

இதை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தட்டில் நீரை ஊற்றி, மேலே மிளகுத்தூளைத் தூவுங்கள். சோப்பு நீரில் தோய்த்த விரலால் நடுவிலே தொடுங்கள். மிளகுத்தூள் சிதறி ஓரத்துக்கு ஓடும். தொட்ட இடத்தில் இழுவிசை தளர்ந்துவிட, சுற்றியுள்ள நீர்ப்பரப்பு தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் நேர்வது அது. குழந்தைகள் கைதட்டுவார்கள், பெரியவர்களும் ஒருமுறைக்கு மறுமுறை செய்து பார்ப்பார்கள்.

இனி, எங்கள் அண்டையில் பணியாற்றிய அந்த விஞ்ஞானியைப் பற்றிச் சொல்கிறேன். ஔந்தை அடுத்து, பாஷாண் என்னும் பகுதியில் தேசிய இரசாயன ஆராய்ச்சிசாலை அமைந்திருக்கிறது. அதற்கு 1947 ஏப்ரல் 6-ஆம் தேதி, அப்போது பம்பாய் மாகாணப் பிரதமராக இருந்த பி. ஜி. கேர் அடிக்கல் நாட்டினார். 1950 ஜனவரி 3-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அதைத் திறந்து வைத்தார். அதன் முதல் இயக்குநராக வந்தவர் ஜேம்ஸ் வில்லியம் மக்பெயின். கனடா நாட்டில் 1882-இல் பிறந்தவர். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்திலும், பின்னர் அமெரிக்காவில் ஸ்டான்போர்டிலும் பணியாற்றியவர். வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் சோப்பு நீரை ஆராய்வதில் செலவிட்டார் என்றால் நம்புவீர்களா?

சோப்பு நீரில் அவர் கண்ட புதிர் இது. சோப்புக் கரைசல் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது. ஆகவே அதில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் ஏராளமாக இருக்க வேண்டும். ஆனால் கரைசலில் உள்ள துகள்களை எண்ணிக்கையால் காட்டும் மற்றச் சோதனைகளைச் செய்தாலோ, எதிர்பார்த்ததைவிடத் துகள்கள் மிகக் குறைவாக இருப்பதாகத் தெரிந்தது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? சோப்பு மூலக்கூறுகள் தனித்தனியே திரியாமல், வால்களை உள்ளே மறைத்துத் தலைகளை வெளியே காட்டியவாறு, கூட்டம் கூட்டமாகத் திரள்கின்றன என்பதே இதற்கு விளக்கம். இத்தகைய கூட்டங்களை அவர் 1913-இல் மைசெல் என்னும் பெயரால் விவரித்தார். வெளியிலிருந்து எவரும் சேர்த்து வைப்பதில்லை. போதிய அளவு சோப்பு நீரில் சேர்ந்தவுடன் அவை தாமாகவே கூடுகின்றன.

புதுமையான கருத்து எதற்கும் உடனே வரவேற்புக் கிடைப்பதில்லை. லண்டனில் அறிஞர் கூட்டமொன்றில் மக்பெயின் இதை எடுத்துச் சொன்னபோது, தலைமை வகித்தவர் ‘மக்பெயின், வெறும் அபத்தம்!’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டதாக இத்துறையார் வழிவழியாக ஒரு கதை சொல்லி வருகிறார்கள். மக்பெயின் அதனால் சோர்ந்துவிடவில்லை, அளந்துகொண்டே இருந்தார். இன்று கல்லூரி மாணவர்கள் முதல் ஆண்டிலேயே மைசெலைப் படிக்கிறார்கள்.

அவர் அறுபத்தேழு வயதுக்கு மேல், சுதந்தரம் பெற்று இரண்டொரு ஆண்டுகளே ஆன ஒரு நாட்டுக்கு வந்து, கட்டடம் எழும்பிய புதிதிலேயே ஓர் ஆராய்ச்சிசாலையின் பொறுப்பை ஏற்றார். 1952 வரை பாஷாணில் இருந்தார், 1953-இல் காலமானார். எண்ணெய் போன்ற நீரில் கரையாத பொருள்கள் மைசெலின் உள்ளே புகுந்து கரைந்தாற்போலவே ஆகிவிடும் அதிசயத்தைப் பற்றி, இத்துறையில் அவரோடு உழைத்தவரும் அவருடைய மனைவியுமான மேரி ஈவ்லின் மக்பெயின், ஹட்சின்சன் என்பவரோடு சேர்ந்து 1955-இல் ஒரு நூலை வெளியிட்டார்.

மக்பெயினுக்குப் பின் இயக்குநராக வந்த ஜார்ஜ் இங்கிள் பிஞ்சும் பொருள்களின் மேற்பரப்பை ஆராய்ந்தவரே. 1922-இல் பிராணவாயுக் கலங்களைச் சுமந்து எவரெஸ்டில் ஏறியவர்களுள் ஒருவர் அவர். அவருக்குப் பின் 1957-இல் பொறுப்பேற்று, அந்த ஆராய்ச்சிசாலையின் முதல் இந்திய இயக்குநர் என்னும் பெருமையைப் பெற்றவர், சென்னையில் பிறந்து சாய இரசாயனத்தில் உலகப் புகழ் பெற்ற கே. வெங்கடராமன். பாஷாண் சாலை வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம், வெளிமாநிலத்தில் வாழும் தமிழனாகிய எனக்கு அந்தப் பெயர் நினைவுக்கு வந்து சற்று நிமிர்ந்து உட்காரச் செய்யும்.

இப்போது நாம் முன்பு விட்டுவந்த 74 ஏக்கர்க் கணக்குக்குத் திரும்புவோம். பாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் நீரில் கொழுப்புத் துளிகள் மிதக்கும் கலவைதான். இத்தகைய கலவைக்குப் பால்மம் என்று பெயர். அதன் துளிகள் பெரியவை. அவற்றின் மேல் படும் ஒளி நாலாபக்கமும் சிதறுவதால் பால் வெண்மையாகத் தோன்றுகிறது. பால்மம் நிலையானதன்று. பாலை வைத்திருந்தால் ஆடை மேலே வருகிறது. மத்தைப் போட்டுக் கடைந்தால், துளிகளைப் போர்த்தியிருந்த மெல்லிய உறை கிழிந்து வெண்ணெய் திரள்கிறது. தேங்காய்ப்பாலும் அப்படியே. இங்கே புனேயில் ‘சோல்கடி’ என்னும் பானத்தைத் தேங்காய்ப்பாலில் செய்வார்கள். அதையும் சற்று நேரம் வைத்திருந்தால் கலக்கிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். வலிந்து கலந்தவை என்றாவது ஒருநாள் பிரிந்தே தீரும்.

1943-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் ஹோர், ஷுல்மன் என்னும் இருவர் வேறொன்றைக் கண்டனர். எண்ணெய், நீர், சோப்பு ஆகியவற்றாலான கலவையில் தக்க ஆல்கஹால் ஒன்றைச் சேர்த்தபோது, கலங்கித் தோன்ற வேண்டிய கலவை கண்ணாடி போல் தெளிந்து நின்றது. கடையவில்லை, குலுக்கவில்லை, தானாகவே தெளிந்தது. வைத்துப் பார்த்தாலும் பிரியவில்லை. எண்ணெயும் நீரும் மறைந்து போயினவா? இல்லை. சோப்பும் ஆல்கஹாலும் இணைந்து எல்லையின் இழுவிசையைப் பல்லாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டன. எல்லையை விரிக்கச் செலவே இல்லை என்னும் நிலை வந்துவிட்டால், மூலக்கூறுகளின் இயல்பான துடிப்பே துளிகளை நுண்மையாகப் பிரித்து, பிரிந்தவாறே வைத்திருக்கப் போதுமானது. 74 ஏக்கரும் உழைப்பின்றி விரிந்துவிடுகிறது!

அத்துளிகள் பெரும்பாலும் 10 முதல் 100 நானோமீட்டர் அளவு உள்ளவை. நாம் காணும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர். ஒளி அவற்றை அவ்வளவாகப் பொருட்படுத்தாமல் கடந்து செல்வதால், கலவை தெளிவாகத் தோன்றுகிறது. 1959-இல் ஷுல்மனும் அவருடைய தோழர்களும் இதற்கு நுண்பால்மம் என்று பொருள்படும் பெயரை இட்டனர். அதுவே நிலைத்தது. எனினும் ஒன்றை மறக்கலாகாது. வெப்பநிலையோ பொருள்களின் விகிதமோ மாறினால் இந்த உறவும் குலையும். அதற்குரிய எல்லைக்குள் இருக்கும் வரையில்தான் அது நிலையானது.

நுண்பால்மத்தில் மற்றொரு விந்தையும் உண்டு. எண்ணெய் மிகுந்தால் நீர் துளியாகும்; நீர் மிகுந்தால் எண்ணெய் துளியாகும். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால்? அப்போது துளி என்பதே இருக்காது. நீரும் எண்ணெயும் கடற்பஞ்சின் துளைகளும் சுவர்களும் போலத் தொடர்ச்சியாகப் பின்னிக் கிடக்கும் என்று ஸ்கிரிவன் என்னும் அறிஞர் 1976-இல் எடுத்துக்காட்டினார். அங்கே உள் எது, வெளி எது என்று சொல்ல முடியாது.

ஷுல்மனிடம் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று, 1965-இல் டாக்டர் பட்டம் பெற்ற இந்தியர் தினேஷ் ஷா. பின்னர் புளோரிடா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். குஜராத்தில் நடியாத் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில், குருவின் பெயரும் மாணவரின் பெயரும் இணைந்த ‘ஷா ஷுல்மன்’ ஆராய்ச்சி மையம் ஒன்று இன்று இருக்கிறது. ஷா ஆராய்ந்தவற்றுள் ஒன்று பூமிக்குள் இருக்கும் பெட்ரோலியம். கிணறு தோண்டி எடுத்த பின்னும், நீரைச் செலுத்தி உந்தித் தள்ளிய பின்னும், பாறைத் துளைகளில் பாதிக்கு மேற்பட்ட எண்ணெய் சிக்கிக்கொண்டு கிடப்பது வழக்கம். அதைப் பிடித்து வைத்திருப்பது நாம் கண்ட அதே இழுவிசைதான். பரப்புக் கிளர்த்திகளைச் செலுத்தி அந்த இறுக்கத்தைத் தளர்த்தினால், சிக்கிய துளி நெளிந்து வெளிவரும். தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்கும் நம் நாட்டுக்கு இது வெறும் ஏட்டுக் கல்வி அன்று.

எண்ணெய்க் கிணற்றைவிட என் மனத்தைத் தொட்ட பயன் ஒன்று உண்டு. என் அலுவலக நண்பர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தது. அவருடைய தமக்கையார் தம் சிறுநீரகத்தைத் தந்தார். பிறர் உறுப்பை உடம்பு அயலாகக் கருதி எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கச் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தை அவர் உட்கொள்கிறார். இம்மருந்து நீரில் எளிதில் கரையாது. எண்ணெயில் கரைத்து முதலில் வழங்கப்பட்டபோது, குடலில் சுரக்கும் பித்தநீரைப் பொறுத்தும் உணவைப் பொறுத்தும், இரத்தத்தில் சேரும் அளவு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் வேறுபட்டது. அளவு குறைந்தால் உறுப்பு நிராகரிக்கப்படலாம். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். 1990-களின் நடுவில் இதைப் புதிய முறையில் தயாரித்தார்கள். குளிகைக்குள் எண்ணெயும் பரப்புக் கிளர்த்தியும் மருந்தும் இருக்கும். வயிற்று நீரைச் சேர்ந்தவுடன் அது தானாகவே நுண்பால்மமாகிவிடும். அதனால் மருந்து முன்னைவிட ஒழுங்காக இரத்தத்தில் சேர்கிறது.

காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில் நண்பர் அந்தக் குளிகையை எடுப்பதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன். அதனுள் இருப்பது என்னவென்று அறிந்த பிறகு, அதைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அபத்தம் என்று தள்ளப்பட்ட ஒரு கருத்து, ஒரு தமக்கை தந்த கொடையைத் தம்பியின் உடலில் காத்து நிற்கிறது.

நன்மை செய்யும் பொருளே அளவு மீறினால் தீங்கும் செய்யும். 1950-களில் மேல்நாடுகளில் துணி வெளுக்கும் பொடிகளில் சேர்த்த ஒருவகைக் கிளர்த்தி, கிளைத்த வாலை உடையது. கிருமிகளால் அதை எளிதில் சிதைக்க முடியவில்லை. ஆறுகளில் நுரை மலை மலையாக எழுந்தது. 1960-களில் நேரான வாலுடைய பொருளுக்கு மாறிய பின்பே அது தணிந்தது. வாலின் வடிவம் ஒரு நதியின் தலைவிதியை மாற்றியது பாருங்கள்! முளா நதிப் பாலத்தைக் கடக்கும்போது, நம் வீட்டுச் சாக்கடையும் இறுதியில் ஒரு நதியைத்தான் சேர்கிறது என்பதை நினைத்துக்கொள்வேன். ஒரு கரண்டி சோப்புப் பொடி போதுமான இடத்தில் மூன்று கரண்டி போடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

முடிவாக ஒரு சொல். உவமைகளை அதிகம் நீட்டுவது ஆபத்து. மூலக்கூறுகளுக்கு மனமில்லை, நமக்கு உண்டு. எனினும் இருபது ஆண்டுகளாக இரண்டு மொழிகளின் எல்லையில் நின்று பிழைக்கிறவனுக்கு ஒன்று தோன்றாமல் இல்லை. நுண்பால்மத்தில் எண்ணெய் நீராகிவிடுவதில்லை, நீரும் எண்ணெயாகிவிடுவதில்லை. தன்மை இழக்காமலே இரண்டும் தெளிந்து நிற்கின்றன. வலிந்து கடைந்தவர் அதைச் செய்யவில்லை. இரு பக்கத்துக்கும் உரிய இயல்பைத் தன்னிடம் கொண்டு எல்லையிலே நின்ற ஒன்றுதான் அதைச் செய்தது. வீட்டில் தமிழும் வீதியில் மராத்தியும் பேசி வளரும் நம் குழந்தைகளை, ‘இங்குமில்லை, அங்குமில்லை’ என்று சிலர் இரங்கிப் பேசுவதுண்டு. அந்த இரக்கத்துக்குக் காரணமே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்ற தீபாவளியன்று என் மகள், அடுத்த வீட்டுக் காகூவிடம் சீயக்காய்ப் பொடியைக் கொடுத்துவிட்டு, அவர்கள் தந்த உட்டணேயை வாங்கிக்கொண்டு வந்தாள். போகிற போக்கில், சீயக்காய் எண்ணெயை எப்படிக் கூட்டிக்கொண்டு போகிறது என்பதை அந்த அம்மாளுக்கு மராத்தியிலே விளக்கியும் விட்டு வந்திருக்கிறாள். என்னிடம் கேட்டதை இன்னொருவருக்குச் சொல்லும் அளவுக்கு அவளுக்கு அது விளங்கியிருக்கிறது. தகப்பனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?